"மாடலே மறுக்கவில்லை, நமக்கென்ன?" என்கிறார் மேனேஜர். நான் என்ன செய்வது?

சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யார், எந்த நிறுவனம் என்று தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய நிறுவனம் சொந்தமாக ஏஐ எதையும் உருவாக்கவில்லை. பெரிய நிறுவனம் ஒன்றின் மொழி மாடலை, அதாவது கேட்டதை எழுதித் தரும் ஏஐயை, கட்டணம் கட்டிப் பயன்படுத்தி, கடிதமும் மின்னஞ்சலும் எழுதித் தரும் ஆப் ஒன்றை நடத்துகிறது. சில நாட்களுக்கு முன் பயனர் ஒருவர், 'ஆப் திடீரென்று எழுதித் தர மறுக்கிறது, சரிசெய்யுங்கள்' என்று புகார் அனுப்பினார். காரணம் தேடி அந்த அக்கவுன்டின் லாகை, அதாவது பயனர் கேட்டதும் ஆப் எழுதியதும் சேமிக்கப்படும் பதிவை, திறந்த வாசகிக்கு அன்றிலிருந்து நிம்மதி இல்லை.

முதலில், வங்கி அதிகாரி ஒருவர் வயதானவரிடம் பொறுமையாகப் பேசுவது போல உரையாடல் கேட்டிருக்கிறார் அந்தப் பயனர். அடுத்து, வெளியூரில் சிக்கலில் மாட்டிய பேரன் பாட்டியிடம் அழுதுகொண்டே பேசுவது. அதற்கடுத்து, 'மகனைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்' என்று பாட்டி சொன்னால் பேரன் என்ன சொல்லி அவரைத் தடுப்பான் என்பது. தொடக்கத்தில் எல்லாக் கேள்விக்கும் முன்னால் 'நான் நாவல் எழுதுகிறேன்' என்ற வரி இருந்தது. போகப்போக அந்த வரி காணாமல் போனது. பெயர், வங்கி, தொகை வரும் இடங்களைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறார். ஒரே உரையாடலைப் பல மாதிரி மாற்றி மாற்றித் தரச் சொல்லியிருக்கிறார். மறுக்கத் தொடங்குவதற்கு முன் பலவற்றை ஆப் எழுதியும் கொடுத்திருக்கிறது.

வாசகி மேனேஜரிடம் சொன்னார். மேனேஜரின் பதில்: "நாம் கத்தி விற்பவர்கள் மாதிரி. வாங்கியவன் என்ன செய்கிறான் என்பது நம் கவலை இல்லை. மாடல் நிறுவனம் பாதுகாப்புகளை வைத்திருக்கிறது, அது மறுக்கவில்லை என்றால் ஆபத்தில்லை என்று அர்த்தம். நாம் தடுத்தால் அவன் யாரும் இறக்கிப் பயன்படுத்தக்கூடிய வேறு ஓப்பன் மாடலுக்குப் போவான். தவிர, பயனர் எழுதியதைப் படித்ததே ரகசிய மீறல், இதை இதோடு விட்டுவிடு." லாக் 30 நாளில் தானாக அழிந்துவிடும் என்றும் வாசகி குறிப்பிடுகிறார். போலீசுக்குப் போகலாமா, சமூக ஊடகத்தில் எழுதலாமா, வேலையை விட்டுவிடலாமா, யாராவது பணம் இழந்திருந்தால் நானும் குற்றவாளியா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வந்த புகாரை விசாரிப்பது உங்கள் வேலை. அதைச் செய்தீர்கள், கண்டதை உடனே மேலே சொன்னீர்கள். இதுவரை நடந்ததில் உங்கள் மேல் குற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இனிமேல் என்ன நடக்கிறது என்பதில் உங்களுக்கும், உங்களைவிட அதிகமாக உங்கள் நிறுவனத்துக்கும், பொறுப்பு இருக்கிறது.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே எங்கும் பொருந்தக்கூடிய நிலையைச் சொல்கிறேன். உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

முதலில் லாக்

மற்ற எதையும் யோசிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். அந்த அக்கவுன்டின் பதிவுகள் அழியாமல் நிறுத்திவைக்கும்படி மேனேஜருக்கும், நிறுவனத்தில் சட்டம் அல்லது தகவல் பாதுகாப்பைக் கவனிப்பவருக்கும் இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். வாயால் சொன்னது போதாது. எந்தத் தேதியில், எந்தப் புகாருக்காக லாகைத் திறந்தீர்கள், என்ன கண்டீர்கள், என்ன கேட்கிறீர்கள் என்பது மட்டும் அதில் இருக்கட்டும். 'இவன் மோசடிக்காரன்' என்று எழுதாதீர்கள். 'இந்தக் கோரிக்கைகள் முதியோரைக் குறிவைக்கும் பண மோசடிக்கான தயாரிப்பாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன்' என்று எழுதுங்கள்.

இரண்டு காரியங்களைத் தவிருங்கள். பயனர் எழுதியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் சொந்த போனில் வைக்காதீர்கள். ஆதாரம் காக்கப் போய் நீங்களே தகவல் திருட்டுப் புகாரில் சிக்க நேரிடும். அந்தப் பயனரிடம் பேச்சுக் கொடுத்து உண்மையை வரவழைக்கவும் முயலாதீர்கள். அவர் குற்றவாளியாக இருந்தால் உஷாராகிவிடுவார். நிரபராதியாக இருந்தால் அவரை அவமதித்ததாகிவிடும்.

நிரபராதியாகவும் இருக்கலாம் என்பதை மறந்துவிடாதீர்கள். மோசடிகளைப் பற்றி நாவல் எழுதுபவர்கள் உண்டு. முதியோருக்கு விழிப்புணர்வு வகுப்பு எடுப்பவர்களும் இதே மாதிரி உரையாடல்களைத் தயாரிப்பார்கள். அழும் பேரன் வசனத்தை மட்டும் தனியாகக் காட்டியிருந்தால் நானும் கதை என்றே நினைத்திருப்பேன். எனக்கு உறுத்துவது வேறு. நாவலில் பாட்டிக்கு ஒரு பெயர் இருக்கும். பெயரையும் வங்கியையும் தொகையையும் நிரப்பிக்கொள்ளக் காலி இடம் விட்டு, ஒரே காட்சியைப் பல மாதிரியாக எந்த நாவலாசிரியர் கேட்பார்? பாட்டி மகனைக் கேட்கப் போகிறேன் என்றதும் அவரைத் தடுக்கும் பதிலை மட்டும் மீண்டும் மீண்டும் கூர்தீட்டுவது எதற்கு? ஆப் மறுக்கத் தொடங்கியதும் 'சரிசெய்யுங்கள்' என்று புகார் கொடுக்கும் அளவுக்கு என்ன அவசரம்? தனித்தனியாக எதுவும் நிரூபணம் ஆகாது. சேர்த்துப் பார்க்கும்போது, தகுதியுள்ளவர்கள் விசாரிக்கப் போதுமான காரணம் இருக்கிறது. தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை இல்லை, விசாரிக்க வேண்டியவர்கள் கையில் இதைச் சேர்ப்பதுதான் உங்கள் வேலை.

மேனேஜரின் வாதங்களைப் பற்றி

அவரை நான் கெட்டவராக நினைக்கவில்லை. இந்தத் துறையில் பலரும் உண்மையாகவே நம்பிச் சொல்கிற வாதங்கள் இவை. அதனால்தான் சற்று விரிவாகப் பதில் சொல்கிறேன்.

'மாடல் மறுக்கவில்லை என்றால் ஆபத்தில்லை' என்பது இவற்றில் மிகத் தவறான நம்பிக்கை. மாடலுக்குத் தன் முன்னால் இருக்கும் உரையாடல்தான் தெரியும். நேற்று வேறொரு உரையாடலில் கேட்டது பெரும்பாலும் தெரியாது, திரைக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் தெரியாது. தீய நோக்கம் உள்ளவர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனத்தின் கிளாட் மாடலைப் பயன்படுத்தி, ஓர் அரசின் ஆதரவு பெற்ற குழு உலகெங்கும் சுமார் 30 நிறுவனங்களைக் குறிவைத்து ஊடுருவ முயன்றதை செப்டம்பர் 2025இல் கண்டுபிடித்ததாக அந்த நிறுவனம் அதே ஆண்டு நவம்பரில் அறிவித்தது. சில இடங்களில் ஊடுருவல் வெற்றியும் பெற்றது. எப்படி ஏமாற்றினார்கள் என்று அந்த நிறுவனமே விவரித்திருக்கிறது: முழு வேலையையும் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்தார்கள், ஒவ்வொரு துண்டும் தனியாகப் பார்த்தால் சாதாரண வேலை. தாங்கள் இணையப் பாதுகாப்பு நிறுவன ஊழியர்கள், சோதனை செய்கிறோம் என்று மாடலை நம்பவைத்தார்கள். உங்கள் பயனரின் 'நாவல்' என்ற வரியையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த ஊடுருவல் பிடிபட்டது, சந்தேகத்துக்குரிய நடவடிக்கைகளைக் கவனித்து விசாரித்த அந்த நிறுவனத்தால்தான். ஒரு பதிலுக்குள் தெரியாத ஆபத்து, பல நாள் பதிவுகளை வரிசையாகப் பார்க்கும்போது தெரிகிறது. உங்கள் விஷயத்தில் அந்த வரிசையைப் பார்க்கும் இடத்தில் இருப்பது உங்கள் நிறுவனம். மாடல் நிறுவனத்துக்கு நீங்கள் எல்லோரும் ஒரே வாடிக்கையாளர். உங்கள் பயனர்களில் யார் யார் என்று அதற்குப் பெரும்பாலும் பிரித்துத் தெரியாது.

கத்தி உவமைக்கு வருகிறேன். கத்தியை விற்றவுடன் கடைக்காரருக்கும் அதற்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. உங்கள் ஆப் அப்படியா? ஒவ்வொரு வாக்கியமும் கேட்கும்போதெல்லாம் உங்கள் சர்வர் வழியாகப் போய், உங்கள் கட்டணத்தில் உருவாகி, உங்கள் ஆப்பின் திரையில் வருகிறது. வேண்டாம் என்று நினைத்தால் இந்த நிமிடமே நிறுத்த முடியும். நிறுத்தும் வசதி கையில் உள்ள ஒருவரை, வெறுமனே விற்றவரைப் போல நடத்த எந்த நீதிமன்றமும் யோசிக்கும். ஜனவரி 2024இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், அப்போதைய அதிபர் பைடனின் குரலைப் போலவே ஏஐயில் உருவாக்கிய அழைப்புகள் வாக்காளர்களுக்குப் போயின. ஏற்பாடு செய்த அரசியல் ஆலோசகருக்கு அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அதோடு நிற்கவில்லை. குரலை உருவாக்குவதில் பங்கே இல்லாத, அழைப்புகளைக் கொண்டுசேர்த்த தொலைபேசி நிறுவனமும் 10 லட்சம் டாலர் கட்டி, இனி வாடிக்கையாளர்களைச் சரிபார்ப்பதாக ஒப்புக்கொண்டுதான் விவகாரத்தை முடித்துக்கொண்டது. நடுவில் நிற்பவருக்குப் பொறுப்பில்லை என்று நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்தானது என்பதற்கு மேனேஜரிடம் இந்த ஒரு உதாரணத்தைச் சொன்னாலே போதும்.

இதற்குள் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பயனர்கள் பதிவிடுவதை வைத்திருக்கும் இணையச் சேவைகளுக்குப் பல நாடுகளின் சட்டம் பாதுகாப்புத் தருகிறது, ஆனால் சட்டவிரோதம் என்று தெரிய வந்தும் சும்மா இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஐரோப்பியச் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. பயனர் எழுதியதை வைத்திருப்பதற்குப் பதிலாகத் தானே எழுதித் தரும் ஏஐ ஆப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பே உண்டா என்பது இன்னும் தீராத கேள்வி. நீங்கள் மேனேஜரிடம் சொன்ன நாளிலிருந்து 'தெரியாது' என்று நிறுவனத்தால் சொல்ல முடியாது. உங்கள் மின்னஞ்சல் அந்த நாளைப் பதிவு செய்கிறது. அதனால்தான் அது அவருக்குப் பிடிக்காது, உங்களுக்கு அவசியம்.

'ஓப்பன் மாடலுக்குப் போவான்' என்பதில் பாதி உண்மை உண்டு. ஒருமுறை வெளியிட்டுவிட்ட ஓப்பன் மாடலைத் திரும்பப் பெற முடியாது, அதன் தடைகளைக் கழற்றத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் பயனர் அந்த வழியில் போகவில்லை. மாதக் கட்டணம் கட்டி, ஆப் மறுத்ததும் உதவிப் பிரிவுக்குப் புகார் கொடுத்த மனிதர் அவர். பெரும்பாலானவர்கள் எளிய வழியைத்தான் தேடுவார்கள். அந்த வழி அடைபட்டால் சிலர் கைவிடுவார்கள், சிலர் தாமதமாவார்கள், சிலர் தடயம் விடுவார்கள். எல்லோரையும் தடுக்க முடியாது என்பதற்காக, கண்ணில் பட்டவரையும் தடுக்காமல் விடுவது எனக்கு ஏற்பில்லை.

மேனேஜர் இன்னொன்றும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள்: ஏஐயால் பெரிய ஆபத்து என்றால் அது உயிரியல் ஆயுதம் போன்றது, இதெல்லாம் சில்லறை விஷயம் என்று. அந்தப் பெரிய ஆபத்துகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. மருந்து தேடும் ஏஐ ஒன்றை, நச்சைத் தவிர்ப்பதற்குப் பதிலாக நச்சைத் தேடும்படி தலைகீழாக்கியபோது 6 மணி நேரத்துக்குள் 40,000 நச்சு மூலக்கூறுகளை அது முன்வைத்தது, விஎக்ஸ் என்ற நரம்பு நஞ்சும் அவற்றில் ஒன்று என்று 2022இல் விஞ்ஞானிகளே எழுதி எச்சரித்தார்கள். அவற்றுக்கான தடைகளைப் பெரிய நிறுவனங்களும் அரசுகளும் போட வேண்டும். ஆனால் இன்றே, தினமும் மனிதர்களை நொறுக்குவது ஏமாற்றுதான். அமெரிக்காவின் எஃப்பிஐக்கு 2024இல் வந்த இணையக் குற்றப் புகார்களில் 60 வயதைக் கடந்தவர்கள் மட்டும் இழந்ததாகச் சொன்ன தொகை 480 கோடி டாலருக்கு மேல். இதில் ஏஐயின் பங்கு எவ்வளவு என்று அந்தக் கணக்கு பிரித்துக் காட்டவில்லை. ஏஐ எதை மாற்றுகிறது என்பதை வேறோர் ஆய்வு காட்டியது. 2024இல் 101 பேருக்குச் சோதனையாக ஏமாற்று மின்னஞ்சல்கள் அனுப்பினார்கள். பொத்தாம்பொதுவான மின்னஞ்சலில் இருந்த இணைப்பை 12% பேர் திறந்தார்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் தகவல் திரட்டி ஏஐ தானாகவே எழுதியதை 54% பேர் திறந்தார்கள். மனித நிபுணர்கள் மெனக்கெட்டு எழுதியதற்கும் அதே 54%தான். நிபுணரின் திறமை, நிபுணரின் உழைப்பு இல்லாமலே கிடைக்கிறது. 'எல்லாம் ஏற்கெனவே இணையத்தில் இருக்கிறதே' என்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். தகவல் முன்பும் இருந்தது. ஒரு குறிப்பிட்ட பாட்டிக்கு, அவர் பேசும் மொழியில், அவர் எழுப்பும் ஒவ்வொரு தயக்கத்துக்கும் சலிக்காமல் பதில் எழுதித் தரும் கைதான் முன்பு இல்லை.

ரகசிய மீறலா?

பயனர் கொடுத்த புகாரைத் தீர்க்க, அந்தப் புகார் சம்பந்தப்பட்ட பதிவை மட்டும், உங்கள் பணிப் பொறுப்பில் திறந்தீர்கள். நிறுவனத்தின் தனியுரிமைக் கொள்கையை எடுத்துப் பாருங்கள். உதவி அளிப்பதற்கும் தவறான பயன்பாட்டைத் தடுப்பதற்கும் பதிவுகளைப் பார்க்கலாம் என்ற வரி பெரும்பாலான ஆப்களில் இருக்கும். இருந்தால் உங்கள் நிலை வலுவானது. மாடல் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தையும் கேட்டுப் படியுங்கள். மோசடிக்குப் பயன்படுத்த விடமாட்டோம் என்று உங்கள் நிறுவனம் ஏற்கெனவே கையெழுத்திட்டிருக்க வாய்ப்பு மிக அதிகம். மீறினால் மாடல் இணைப்பையே துண்டிக்க அவர்களுக்கு உரிமை இருக்கும். மேனேஜரைச் சீக்கிரம் அசைக்கக்கூடிய தாள் அதுதான்.

ஆனால் இந்த இடத்தில் உங்களுக்கும் ஒரு வார்த்தை. இனிமேல் எல்லோருடைய பதிவுகளையும் தினமும் படித்துப் பார்க்கலாம் என்று யோசனை எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். உங்கள் ஆப்பில் ஒருவர் மருத்துவருக்குத் தன் நோயைப் பற்றி எழுதுகிறார், ஒருவர் விவாகரத்துக் கடிதம் எழுதுகிறார், ஒருவர் முதலாளியிடம் கெஞ்சி எழுதுகிறார். ஆயிரம் பேரில் ஒருவரைப் பிடிக்க மற்ற எல்லோரின் அந்தரங்கத்தையும் கலைத்துப் பார்ப்பதும் தீங்குதான். பயத்தில் எழும் கேள்விகளையும் குற்றமாக எண்ணிவிடாதீர்கள். விஷத்தைப் பற்றிக் கேட்பவர், குழந்தை எதையோ விழுங்கிவிட்டதே என்று பதறும் தாயாக இருக்கலாம். சந்தேக அறிகுறிகளைக் கருவி தானாகக் குறித்துக்காட்ட வேண்டும், குறித்ததை மட்டும் நியமிக்கப்பட்ட ஓரிருவர் பார்க்க வேண்டும், யார் எப்போது பார்த்தார்கள் என்பதும் பதிவாக வேண்டும். இதை மேனேஜருக்கான மின்னஞ்சலில் யோசனையாகச் சேர்க்கலாம்.

யாரிடம், எந்த வரிசையில்

உள்ளே எழுத்தில் சொல்வது முதல் படி. நான்கைந்து நாட்களில் பதில் வராவிட்டால் மேனேஜருக்கு மேலே உள்ளவருக்கு அதே மின்னஞ்சலை அனுப்புங்கள். நிறுவனம் செய்ய வேண்டியவை: பதிவைப் பாதுகாப்பது, காரணத்தை விரிவாகச் சொல்லாமல் அக்கவுன்டை நிறுத்திவைப்பது, மாடல் நிறுவனத்தின் தவறான பயன்பாட்டுப் பிரிவுக்குத் தெரிவிப்பது, வழக்கறிஞர் மூலம் சைபர் குற்றப் பிரிவுக்குத் தகவல் கொடுப்பது. மாடல் நிறுவனத்துக்குத் தெரிவிப்பதைச் சிலர் காட்டிக்கொடுப்பதாக நினைக்கிறார்கள். இதே ஆள் அதே மாடலைப் பயன்படுத்தும் வேறு ஐந்து ஆப்களிலும் இதையே செய்துகொண்டிருந்தால், நீங்கள் தெரிவித்த பிறகு அதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே இடம் அதுதான்.

பயனரின் உரையாடலை நீங்களாக வெளியே கொடுக்காதீர்கள். போலீஸ் முறைப்படி கேட்கும்போது நிறுவனம் கொடுக்கும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நேர்மையாக நம்பக் காரணம் இருந்தால், சேவை நிறுவனம் தானாகவே அதிகாரிகளிடம் தகவல் கொடுக்க அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஐரோப்பாவில் பயனர் தகவல்களைச் சேமித்துவைக்கும் சேவைகளுக்கு, உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தான குற்றத்தைச் சந்தேகித்தால் தெரிவிப்பது கடமையாகவே இருக்கிறது. பண மோசடிச் சந்தேகம் அந்த அவசரத்துக்குள் சாதாரணமாக வராது. நாளை அதே லாகில் ஒருவரைக் கொல்லப்போவதாக எழுதியிருந்தால் வரும். அப்போது மேனேஜரின் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள்.

நிறுவனம் எதுவுமே செய்யவில்லை என்றால்? உங்கள் வழக்கறிஞரோடு போய், பயனரின் உரையாடலை இணைக்காமல், என்ன கண்டீர்கள் என்பதை மட்டும் நீங்களே அதிகாரிகளிடம் சொல்லலாம். முறைகேட்டை வெளிப்படுத்தும் ஊழியரைப் பழிவாங்கக் கூடாது என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இலேயே அதற்கான நெறிமுறையைக் கொண்டுவந்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு கிடைக்க, சரியான வாசலைத் தட்டியிருக்க வேண்டும். உள்ளேயும் அதிகாரிகளிடமும் சொல்வதற்குப் பாதுகாப்பு எளிதாகக் கிடைக்கிறது. நேராகப் பொதுவெளியில் போட்டுவிடுவதற்குக் குறுகிய சூழ்நிலைகளில்தான் கிடைக்கும். ஆகவே சமூக ஊடகம் வேண்டாம். அந்தப் பயனருக்கு எச்சரிக்கை மணி அடித்ததாகிவிடும், வேலையும் போகும், வழக்கும் வரும்.

வேலையை விடுவது பற்றி: இப்போது வேண்டாம். அந்தப் புகாருக்குப் பொறுப்பானவர் என்ற முறையில்தான் பதிவைக் காக்கச் சொல்லும் தகுதி உங்களுக்கு இருக்கிறது. வெளியேறிவிட்டால் அது போய்விடும், 30 நாளும் ஓடிவிடும். எழுத்தில் கேட்டதற்கு எழுத்தில் என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மேலிடத்துக்கு விஷயம் தெரிந்ததும் நிலைமை மாறும். லாகை அழித்துவிடு என்று உங்களுக்கே உத்தரவு வந்தால் மட்டும் அதைச் செய்யாதீர்கள். தெரிந்தே ஆதாரத்தை அழித்ததாகக் கருதப்பட்டால் அது தனிக் குற்றமாகலாம், அந்தக் குற்றம் உத்தரவிட்டவரோடு உங்களையும் சேரும். 'வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுச் செய்கிறேன்' என்று மின்னஞ்சலில் பதில் போட்டுவிட்டு, அன்றே அவரைப் பாருங்கள்.